புரொப்பெல்லர் அசையும் முன் எழும் முள்

நான் பராமரிக்கும் சிறு விமானத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் எண்ணெய் அக்யுமுலேட்டரை, அதாவது அழுத்தத்தில் எண்ணெயைச் சேமித்து வைத்து, தொடங்கும் முன் எஞ்சினுக்குள் செலுத்தும் கலனைப் பொருத்திய மறுநாள் காலை, அதன் வால்வைத் திறந்ததும் எண்ணெய் அழுத்தமானியின் முள் மெல்ல எழுந்து 40 பி.எஸ்.ஐ.யைத் தொட்டது. ஸ்டார்ட்டர் பொத்தானில் இன்னும் கை வைக்கவில்லை. புரொப்பெல்லர் அசையவும் இல்லை. அதுவரை ஒவ்வொரு முறையும் எஞ்சின் உயிர்பெற்ற பிறகு அந்த முள் எப்போது எழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தவனுக்கு அது பெரும் நிம்மதியாக இருந்தது. இனி இந்த எஞ்சின் எண்ணெயின்றி ஒரு சுற்றுகூடச் சுழலாது என்று நம்பினேன்.

நான்கு ஆண்டுகள் கழித்து, வேறொரு காரணத்துக்காக ஒரு சிலிண்டரைக் கழற்றியபோது, சிலிண்டர் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் முகடு ஒன்றில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்திருப்பதைக் கண்டேன். அதன்மேல் அமர்ந்து அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பட்டின் முகமும் பொரிந்து உதிரத் தொடங்கியிருந்தது. வேறு வழியின்றி எஞ்சினை முழுவதுமாகப் பிரித்தோம். பிஸ்டன்களின் விசையால் சுழன்று புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் புதிதாகப் பொருத்தியவை போலவே இருந்தன. கேமும் டேப்பட்டுகளும் மட்டுமே கெட்டிருந்தன. அக்யுமுலேட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது என்பதும், அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்த்தது என் பிழை என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கியது. இதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அதே எதிர்பார்ப்போடுதான் வருகிறார்கள் என்பதால், நான் கற்றவற்றை ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

எஞ்சினை நிறுத்தியவுடன் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணெய் பம்ப் நின்றதும் பாதைகளில் இருந்த அழுத்தம் சில நொடிகளில் வடிந்துவிடுகிறது. சூடான எண்ணெய் நீர்த்திருப்பதால், பேரிங்குகளின் இடைவெளிகள் வழியாக அது இறங்கி, எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் சேர்கிறது. ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். மீதம் இருப்பது உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் மட்டுமே. நாட்கள் செல்லச் செல்ல அந்தப் படலமும் மெலிகிறது. அடுத்த முறை எஞ்சினை இயக்கும்போது, பம்ப் முதலில் வெற்றுப் பாதைகளை நிரப்பி, ஃபில்டரையும் குளிர்விப்பானையும் கடந்து, அதன் பிறகே தொலைவில் உள்ள பேரிங்குக்கு எண்ணெயைக் கொண்டுசெல்ல முடியும். அந்தச் சில நொடிகளில் கிராங்க் ஷாஃப்ட் பழைய படலத்தை மட்டுமே நம்பிச் சுழல்கிறது. தொடங்கிய 30 நொடிகளுக்குள் குறைந்தபட்ச அழுத்தம் தெரியாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும் என்று எஞ்சின் தயாரிப்பாளரான லைகமிங்கின் கையேடுகள் கூறுவதன் பொருள், அந்த 30 நொடிகளும் பாதுகாப்பானவை என்பதல்ல. அதற்கு மேல் பொறுக்கக் கூடாது என்பதே.

இங்கே ஒரு தவறான கருத்தை விலக்கிவிட வேண்டும். பம்ப் தரும் 60 அல்லது 70 பி.எஸ்.ஐ. அழுத்தம்தான் கிராங்க் ஷாஃப்ட்டைப் பேரிங்கிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவல்ல. 1883-இல் பிரிட்டனில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளின் பேரிங்குகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டபோது, எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக வெளியே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார்; மரமுளையால் அடைத்தார்; இரண்டையும் எண்ணெய் வெளியே தள்ளியது. அழுத்தமானியை இணைத்தபோது அதன் முள் 200 பி.எஸ்.ஐ. என்ற எல்லையைத் தாண்டியது; பேரிங்கின்மேல் இருந்த சராசரிச் சுமையோ அதில் பாதிதான். சுழலும் அச்சு, ஒட்டியிருக்கும் எண்ணெயை ஆப்பு வடிவ இடைவெளிக்குள் இழுத்துச் சென்று, தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே உருவாக்கிக்கொள்கிறது என்பதை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார்.

விமான எஞ்சினின் பேரிங்கிலும் நடப்பது இதுவே. பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுவந்து சேர்ப்பதும், சூட்டை வெளியே எடுத்துச் செல்வதும்தான். சுமையைத் தாங்குவது சுழற்சி உண்டாக்கும் படலம். ஆகவே நின்றுகொண்டிருக்கும் எஞ்சினுக்குள் அக்யுமுலேட்டர் எண்ணெயைச் செலுத்துவதால் கிராங்க் ஷாஃப்ட் மிதக்கத் தொடங்கிவிடாது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுழற்றும் அந்த முதல் சில சுற்றுகளில், எண்ணெய் நிறைந்திருந்தாலும் உலோகமும் உலோகமும் ஓரளவு உரசத்தான் செய்யும், ஏனெனில் படலம் எழுவதற்கு வேண்டிய வேகம் அப்போது இல்லை. முன்னுயவு, அதாவது தொடங்கும் முன்பே எண்ணெயைச் செலுத்துவது, தரும் நன்மை வேறு: எஞ்சின் உயிர்பெற்று வேகம் எடுக்கும் அந்தக் கணத்தில், ஆப்பு இடைவெளிக்குள் இழுத்துச் செல்ல எண்ணெய் தயாராக அங்கேயே இருக்கிறது. இதைச் சிறிய நன்மை என்று நான் சொல்ல மாட்டேன். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங்குக்கு எரிதலின் முழு அடியும் முதல் வெடிப்பிலேயே விழுகிறது. அங்கே எண்ணெய் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, பல ஆண்டுகளில் பேரிங்கின் மேற்பூச்சில் தெரியும்.

முன்னுயவைச் செய்யப் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மின்மோட்டாரால் இயங்கும் தனிப் பம்ப். அது சம்ப்பின் அடியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, ஒருவழி வால்வு வழியாக எஞ்சினின் முதன்மை எண்ணெய்ப் பாதைக்குள் செலுத்தும். வேண்டிய நேரம் வரை எண்ணெயை ஓடவிட முடியும் என்பது அதன் பலம்; எஞ்சினைத் தொடங்கப் போகும் நேரத்தில் பாட்டரியிலிருந்தே மின்சாரத்தை எடுக்கிறது என்பதும், குளிரில் கெட்டியான எண்ணெயை இழுக்கத் திணறும் என்பதும் அதன் குறைகள். மற்றொன்று அக்யுமுலேட்டர். உருளை வடிவக் கலனுக்குள் கட்டற்று நகரும் ஒரு பிஸ்டன் இருக்கும். அதன் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எண்ணெய். எஞ்சின் ஓடும்போது அதன் அழுத்தமே எண்ணெயைக் கலனுக்குள் தள்ளிக் காற்றை நெருக்கும். வால்வை மூடினால் அந்த அழுத்தம் சிறைப்படும். அடுத்த முறை திறந்தால் நெருங்கிய காற்று எண்ணெயை எஞ்சினுக்குள் தள்ளும். கார்ப் பந்தயங்களில், வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும் நேரத்தைச் சமாளிக்க இது நெடுங்காலமாகப் பயன்படுகிறது. அக்யுசம்ப் என்ற பெயர் அவ்வட்டாரத்தில் எல்லோரும் அறிந்தது. அங்கிருந்துதான் சொந்தமாக விமானம் கட்டுபவர்களிடம் இது வந்து சேர்ந்தது.

நான் அக்யுமுலேட்டரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதன் எளிமைதான். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு கலன், ஒரு ஹோஸ், ஒரு வால்வு. ஆனால் எளிமையான கருவியையும் கணக்கு அறிந்துதான் பயன்படுத்த வேண்டும். மொத்தம் 2 லிட்டர் கொள்ளளவுள்ள கலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்ணெய் இல்லாதபோது அதில் 10 பி.எஸ்.ஐ. காற்றை அடைத்து வைத்திருக்கிறோம். வளிமண்டல அழுத்தமான 14.7-ஐயும் சேர்த்தால் அது 24.7. எஞ்சின் 70 பி.எஸ்.ஐ. காட்டும்போது வால்வை மூடினால், முழு அழுத்தம் 84.7. பாயில் விதிப்படி காற்று 2 லிட்டரிலிருந்து ஏறத்தாழ 0.58 லிட்டராகச் சுருங்கியிருக்கும், மீதமுள்ள 1.4 லிட்டரும் எண்ணெய். இப்போது அதே கலனை, எண்ணெய் சூடாகி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.யாக இருக்கையில் மூடியதாகக் கொள்வோம். காற்று 1.1 லிட்டர் இடத்தைப் பிடித்திருக்கும், எண்ணெய் 0.9 லிட்டர்தான்.

சூட்டைக் கணக்கில் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். கலனுக்குள் இருக்கும் காற்று 80 டிகிரி செல்சியஸிலிருந்து ஒரு குளிர்ந்த இரவில் 10 டிகிரிக்கு இறங்கினால், அதன் முழு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 70-இல் மூடிய கலனில் காலையில் 53 பி.எஸ்.ஐ. அளவே இருக்கும், 30-இல் மூடிய கலனில் 21தான் மிஞ்சும். எண்ணெயும் குளிர்ந்து சற்றுச் சுருங்குவதால் உண்மையில் இவற்றைவிடவும் குறைவாகவே இருக்கும். காலைக் குளிரில் தேன் போலக் கெட்டித்திருக்கும் எண்ணெயை, 20 பி.எஸ்.ஐ.க்கும் குறைந்த அழுத்தம் குறுகலான பாதைகளின் கடைசி வரை தள்ளிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. தொடக்கத்தில் நான் செய்த பிழை இதுவே. தரையிறங்கி, நிறுத்துமிடத்துக்கு வந்து, எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன்பு மெதுவான ஓட்டத்திலேயே வால்வை மூடி வந்தேன். இப்போது விமானத்தை நிறுத்தியபின், ஆட்கள் யாரும் அருகில் இல்லை என்பதை உறுதி செய்து, வேகத்தைச் சிறிது கூட்டி, அழுத்தம் ஏறி நிலைத்தபின் வால்வை மூடி, அதன் பிறகே வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்துகிறேன்.

வால்வை மூட மறந்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. நிறுத்திய சில நொடிகளில் கலனிலிருந்த எண்ணெய் முழுவதும் பேரிங்குகள் வழியாக இறங்கிச் சம்ப்பில் சேர்ந்துவிடும்; மறுநாள் முன்னுயவு கிடைக்காது, அவ்வளவுதான். ஆனால் இதனால் டிப்ஸ்டிக் காட்டும் அளவு மாறிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும். கலன் நிறைந்திருக்கும்போது சம்ப்பில் ஒரு லிட்டருக்கு மேல் குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து எண்ணெய் குறைந்துவிட்டது என்று எண்ணி ஊற்றினால், கலன் காலியாகும்போது சம்ப் அளவுக்கு மீறி நிறையும். மிகுதியான எண்ணெய், எஞ்சினின் உள் ஆவியை வெளிவிடும் பிரீதர் குழாய் வழியாக விமானத்தின் அடிவயிற்றில் வழியும். இதற்கு மாறான பிழை இன்னும் ஆபத்தானது: கலன் காலியாக இருக்கும்போது அளவு பார்த்து, போதும் என்று கிளம்பினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கலன் தன் பங்கை எடுத்துக்கொண்டு சம்ப்பைக் குறைத்துவிடும். எந்த நிலையில் பார்த்த அளவு என்பதை எண்ணெய்க் குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் எழுதி வைப்பது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

எங்கே இணைப்பது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணெய் அழுத்தமானிக்குச் செல்லும் துளை கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதால், அங்கேயே அக்யுமுலேட்டரையும் இணைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பல எஞ்சின்களில் அந்த இணைப்புக்குள் ஊசித்துளை அளவே உள்ள ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அழுத்தமானியின் குழாய் அறுந்தால் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் கொட்டிவிடாமல் காப்பது அதன் வேலை. அந்த ஊசித்துளை வழியாக ஒரு லிட்டர் எண்ணெயைச் செலுத்த முயன்றால், நேரம்தான் போகும். தடையை எடுத்துவிட்டால் அது தந்த காவலும் போய்விடும். முதன்மைப் பாதைக்குள் நேராகத் திறக்கும், போதிய அகலமுள்ள இணைப்பையே தேட வேண்டும். எஞ்சின் தயாரிப்பாளரின் எண்ணெய்ப் பாதை வரைபடத்தைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது.

ஹோஸைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். அக்யுமுலேட்டரைச் சேர்ப்பது என்றால், முழு அழுத்தத்தில் எண்ணெய் நிற்கும் புதிய பாதை ஒன்றை எஞ்சினுக்கு வெளியே கொண்டுவருகிறோம் என்று பொருள். அந்த ஹோஸ் வெடித்தாலோ, இணைப்பு அதிர்வில் தளர்ந்தாலோ, பம்ப்பே எஞ்சினின் எண்ணெயை வெளியே இறைத்துவிடும். அந்த எண்ணெய் சூடான எக்ஸாஸ்ட் குழாயின்மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். அதனால் விமானத்துக்கென்றே செய்யப்பட்ட, தீயைத் தாங்கும் உறையுள்ள ஹோஸையே பயன்படுத்த வேண்டும். கலனை எஞ்சினின்மேல் அல்லாமல் அசையாத சட்டத்தில் பொருத்த வேண்டும். எஞ்சின் அதிரும்போது ஹோஸ் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட வேண்டும். வால்வை எஞ்சின் இணைப்புக்கு மிக அருகில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் பறக்கும்போது கசிவு தெரிந்தால் வால்வை மூடி, கலனையும் ஹோஸின் பெரும்பகுதியையும் விலக்கிவிட முடியும். எஞ்சினைக் காக்க வந்த கருவியே எஞ்சினை நிறுத்தும் காரணமாகிவிடக் கூடாது. இந்தக் கருவியை வேண்டாம் என்று ஒதுக்கும் அனுபவமிக்க மெக்கானிக்குகள் பலரும் சொல்லும் முதல் காரணம் இதுவே. அது நியாயமான காரணம்.

இனி கேம் ஷாஃப்ட்டுக்கு வருகிறேன். லைகமிங்கின் கிடைநிலை எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. மற்றொரு தயாரிப்பாளரான கான்டினென்டலின் எஞ்சின்களில் அது கீழே, சம்ப்பை ஒட்டி இருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு பல ஆண்டுகால விவாதங்களுக்குக் காரணமாகியிருக்கிறது. மேலே இருக்கும் கேமின்மேல் உள்ள எண்ணெய் விரைவில் வடிந்துவிடும். அதைவிட முக்கியமானது, லைகமிங்கில் கேம் ஷாஃப்ட்டின் தாங்கு பேரிங்குகளுக்கும் டேப்பட்டுகளின் உள்ளே இருக்கும் ஹைட்ராலிக் பகுதிக்கும் அழுத்தத்தில் எண்ணெய் செல்கிறதே தவிர, முகடும் டேப்பட் முகமும் உரசும் இடத்துக்குக் கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது தெறிக்கும் எண்ணெயும் மூடுபனி போல உள்ளே மிதக்கும் எண்ணெய்த் துளிகளும்தான் உயவு. நின்றிருக்கும் எஞ்சினில் தெறிப்பு ஏது? அக்யுமுலேட்டர் எவ்வளவு எண்ணெயைச் செலுத்தினாலும், அது பேரிங்குகளை நிரப்பிவிட்டுச் சம்ப்பில்தான் விழும். டேப்பட்டைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக ஓரளவு கசிந்து முகத்தை எட்டக்கூடும். அதை நம்பியிருக்க முடியாது என்பதற்கு என் கேம் ஷாஃப்ட்டே சான்று.

மேலும், முகட்டின் உச்சியில் சுமை மிகுந்திருப்பது எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதுதான். வேகம் கூடும்போது, சிலிண்டர் வால்வின் நிலைமம் உச்சியில் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்துவிடும். ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகத்திலோ ஸ்பிரிங்கின் முழு விசையும் ஒரு குறுகிய கோட்டின்மேல் விழுகிறது. எண்ணெய் மிகக் குறைவாக இருக்கும் நேரமும் சுமை மிகக் கூடுதலாக இருக்கும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. 1977 மாடல் செஸ்னா 172-இல் வந்த லைகமிங் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் இந்த இடத்தில்தான் பெயர் கெட்டது. அதன் கேமும் டேப்பட்டுகளும் விரைவில் தேய்ந்ததால், எல்டபிள்யூ-16702 என்ற தேய்மானத் தடுப்புச் சேர்மானத்தை எண்ணெயில் கலக்க வேண்டும் என்று அந்த வகை எஞ்சின்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். உரசும் உலோகத்தின்மேல் வேதிப் படலம் ஒன்றை உருவாக்கி, எண்ணெய்ப் படலம் இல்லாத கணங்களில் காப்பது அதன் வேலை. அந்தச் சேர்மானம் முன்பே கலந்த விமான எண்ணெய்கள் இன்று கிடைக்கின்றன. கேமைக் காக்க வேண்டும் என்றால், அக்யுமுலேட்டரைவிட இந்தச் சேர்மானமே அந்த இடத்துக்கு நேராகச் சென்று சேர்கிறது.

ஆனால் என் எஞ்சினில் கேமைக் கெடுத்தது தொடக்க நேரத்து உரசல் மட்டுமன்று. அதன் வேர் துரு. எரிதலில் உண்டாகும் நீராவியும் அமிலப் பொருள்களும் பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து, எஞ்சினின் உடலான கிராங்க்கேஸுக்குள் இறங்குகின்றன. எஞ்சின் குளிரும்போது அந்த ஈரம் உள் உலோகத்தின்மேல் படிகிறது. கேமின்மேல் எண்ணெய்ப் படலம் மெலிந்துபோன இடத்தில் கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளிகள் விழுகின்றன. அடுத்த முறை எஞ்சின் ஓடும்போது டேப்பட் அந்தப் புள்ளிகளின்மேல் ஏறி இறங்கி, கடினப்படுத்திய மேற்பரப்பில் சிறு வெடிப்புகளை உண்டாக்குகிறது. வெடிப்புகள் வளர்ந்து உலோகம் செதில் செதிலாக உதிர்கிறது. உதிர்ந்த துகள்களை ஃபில்டரை அறுத்துப் பார்க்கும்போது காந்தத்தில் ஒட்டும் செதில்களாகக் காணலாம். அந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை விமானம் மாதக்கணக்கில் பறக்காமல் நின்றது. அக்யுமுலேட்டர் இருக்கிறதே என்ற நம்பிக்கையில், அந்த இடைவெளிகளை நான் பொருட்படுத்தவே இல்லை.

லைகமிங்கின் எல்180 எண் சேவைக் கடிதம் இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது. 30 நாட்களுக்கு மேல் இடைவெளி விடாமல், எண்ணெயின் வெப்பம் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்படி, குறைந்தது ஒரு மணி நேரம் தொடர்ந்து பறக்க வேண்டும் என்கிறது. அந்த வெப்பத்தில்தான் எண்ணெயில் கலந்த நீர் ஆவியாகி வெளியேறும். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது, நீரை வெளியேற்றுவதற்குப் பதிலாகக் கூடுதல் நீரை உள்ளே சேர்த்துவிட்டு முடியும். புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடும் பழக்கத்தையும் அந்தக் கடிதம் கண்டிக்கிறது: ரிங்குகள் சிலிண்டர் சுவரிலிருக்கும் எண்ணெயை வழித்துவிடும், ஸ்பிரிங்கின் சுமை கேமிலும் டேப்பட்டிலும் இருக்கும் படலத்தை வழித்துவிடும், இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் அங்கே காப்பு எதுவும் மிஞ்சாது. விமானத்தின்மேல் உள்ள அக்கறையால் வாரந்தோறும் வந்து புரொப்பெல்லரைச் சுற்றிவிட்டுப் போன நல்ல மனிதர்களை நான் அறிவேன். அந்த அக்கறையே கேமுக்குக் கேடாக முடிந்தது என்பதை அவர்களிடம் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது.

எஞ்சின் வகைக்கு ஏற்ப இந்த அறிவுரைகள் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலகு விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. அளவு பார்ப்பதற்கு முன், இக்னிஷன் சுவிட்சுகளை அணைத்துவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றி, தொட்டியில் குமிழிகள் வெளியேறும் சத்தம் கேட்கும்வரை எண்ணெயைத் திருப்பி அனுப்புவதே முறை. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த பெரிய ரேடியல் எஞ்சின்களிலோ, நிறுத்தியபின் கீழ்ச் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் இறங்கித் தேங்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட்டரை இயக்கினால் அழுத்த முடியாத திரவத்தின்மேல் பிஸ்டன் மோதி ராடு வளைந்துவிடும். அங்கே புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். அத்தகைய எஞ்சினில் அளவின்றி முன்னுயவு செய்தால், அந்த எண்ணெயும் கீழேதான் சென்று தேங்கும்.

முன்னுயவு கேள்விக்கு இடமின்றித் தேவைப்படும் நேரங்கள் உண்டு: புதிய அல்லது மறுசீரமைத்த எஞ்சினை முதன்முதலாகத் தொடங்கும்போதும், எண்ணெய்க் குளிர்விப்பானையோ குழாய்களையோ மாற்றியபின்னும், நீண்ட சேமிப்புக்குப் பின்னும். லைகமிங்கின் 1241 எண் சேவைக் குறிப்பு இதற்கான முறையைத் தருகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எரிபொருளையும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோக்களையும் அணைத்து, ஸ்டார்ட்டரைச் சிறு சிறு இடைவெளிகளில் மட்டும் இயக்கி, குறைந்தது 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் நிலையாகத் தெரியும்வரை சுழற்ற வேண்டும். பின்னர் மூன்று மணி நேரத்துக்குள் எஞ்சினைத் தொடங்கிவிட வேண்டும், இல்லையேல் முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிடுவதால் சுருக்கத்தின் சுமை இல்லாமல் பேரிங்குகள் எளிதாகச் சுழல்கின்றன. அந்த மூன்று மணி நேர வரம்பைப் படித்தபோதுதான், எண்ணெய் எவ்வளவு விரைவில் வடிந்துவிடுகிறது என்பதைத் தயாரிப்பாளர்களே எவ்வளவு கவனமாக எண்ணியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

குளிரைப் பற்றியும் ஒரு சொல். உறைநிலைக்கும் கீழே வெப்பம் இறங்கிய காலையில் முன்சூடேற்றலுக்கு அக்யுமுலேட்டர் மாற்றாகாது. கலனுக்குள் இருக்கும் எண்ணெயும் அதே குளிரில்தான் இருக்கிறது. மேலும், குளிரில் அலுமினிய கிராங்க்கேஸ் எஃகுக் கிராங்க் ஷாஃப்ட்டைவிடக் கூடுதலாகச் சுருங்குவதால் பேரிங்கின் இடைவெளி குறைகிறது. எண்ணெயைச் செலுத்துவதால் அந்த இடைவெளி விரியாது. எஞ்சின் முழுவதும் சூடாக வேண்டும், சிலிண்டர்கள் மட்டும் சூடானால் போதாது.

அக்யுமுலேட்டரின் மற்றொரு பயனை நான் இன்னும் குறைவாகவே பேசியிருக்கிறேன். சாகசப் பறத்தலில், விமானம் தலைகீழாகும் அந்த இடைநேரத்தில், தலைகீழ் எண்ணெய் அமைப்பு இருந்தாலும், உறிஞ்சுகுழாய் மாறும் ஓரிரு நொடிகள் அழுத்தம் வீழும். வால்வைத் திறந்து வைத்திருந்தால், அழுத்தம் வீழ்ந்த கணமே கலன் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். எஞ்சின் முழு வேகத்தில், முழுச் சுமையில் இருக்கும்போது இரண்டு நொடிகள் எண்ணெய் இல்லாமல் போவது, காலையில் தொடங்கும்போது ஐந்து நொடிகள் இல்லாமல் போவதைவிடப் பல மடங்கு கொடியது. சாகசம் பறப்பவர் ஒருவர் என்னிடம் வந்து இதைப் பற்றிக் கேட்டால், தயங்காமல் ஆம் என்பேன். சான்றளிக்கப்பட்ட இரட்டை எஞ்சின் விமானங்கள் பலவற்றிலும் ஓர் அக்யுமுலேட்டர் உண்டு. ஆனால் அதன் வேலை வேறு. நிறுத்தி, காற்றுக்கு ஒத்திசைவாகத் திருப்பி வைத்த புரொப்பெல்லர் இதழ்களை, பறந்துகொண்டே எஞ்சினை மீண்டும் தொடங்குவதற்காகப் பழைய கோணத்துக்குத் தள்ள, இதழ்க் கோணத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் எண்ணெயை நைட்ரஜன் அழுத்தத்தில் அது சேமித்து வைக்கிறது. பெயர் ஒன்றே என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சான்றளிக்கப்பட்ட விமானம் வைத்திருப்பவர்கள், எந்த முன்னுயவுக் கருவியையும் தாங்களாகவே பொருத்திவிட முடியாது; அந்த விமானத்துக்கும் எஞ்சினுக்கும் உரிய மாற்ற ஒப்புதல் இருக்க வேண்டும். எண்ணெய் அமைப்பில் கைவைப்பது பொதுவாகச் சிறிய மாற்றமாகக் கருதப்படுவதில்லை.

என் எஞ்சினை மறுபடி கட்டும்போது, கிராங்க்கேஸில் ஒவ்வொரு முகட்டுக்கும் நேராக எண்ணெயைத் தெளிக்கும் சிறு நாசில்களைப் பொருத்தச் செய்தேன். முதன்மைப் பாதையில் அழுத்தம் இருந்தால் அவை தெளிக்கும்; அதாவது, இப்போது அக்யுமுலேட்டரைத் திறக்கும்போது கேமின்மேலும் எண்ணெய் விழுகிறது. கேம் ஷாஃப்ட்டையே உள்ளீடாகத் துளைத்து, முகடுகளில் நுண்துளைகள் வழியாக எண்ணெயை வெளிவிடும் வேறொரு முறையும் இருக்கிறது. 2000-களின் நடுப்பகுதியிலிருந்து லைகமிங் புதிய எஞ்சின்களில் உருளை பொருத்திய டேப்பட்டுகளைக் கொண்டுவந்தது. அவற்றில் உரசலுக்குப் பதிலாக உருளல் நடப்பதால் இந்தச் சிக்கல் பெருமளவு தணிகிறது. என் கிராங்க்கேஸ் பழையது, அவற்றை ஏற்காது.

இப்போது என் வரிசை இதுதான். பறந்து முடித்ததும், எஞ்சின் சூடாக இருக்கும்போதே, பிரீதர் வழியாக உலர்ந்த காற்றைச் செலுத்தும் சிறு கருவியை இணைத்துவிடுகிறேன். அதில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீல நிறத்திலிருந்து மாறினால் அதை உலர்த்தி மீண்டும் நிரப்புகிறேன். இருபத்தைந்து நாட்களாகப் பறக்கவில்லை என்றால், குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதி, அடுத்த நல்ல வானிலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டு வருகிறேன். தொடங்கும் முன் அக்யுமுலேட்டரின் அழுத்தத்தைப் பார்க்கிறேன், டிப்ஸ்டிக்கைப் பார்க்கிறேன், ஹோஸின் இரு முனைகளையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். பின்னர் இருக்கையில் அமர்ந்து வால்வைத் திறக்கிறேன். முள் எழுந்து நிற்பதற்கும் ஸ்டார்ட்டரை அழுத்துவதற்கும் இடையில் பத்து நொடிகள் காத்திருக்கிறேன். நாசில்கள் முகடுகளின்மேல் தெளிப்பதற்கு அந்த நேரம் வேண்டும்.